தாலி கட்டிய நாளும் கையெழுத்துப் போட்ட நாளும்

துளசியின் மலாய் சந்தைக்குப் போதும், அலுவலகத்துக்குப் போதாது. கும்பகோணம் பக்கத்திலிருந்து பினாங்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதிமூன்று வருஷமாகியும் மீன்காரனிடம் விலை பேசுவதோடு சரி. அதிகாரிகள் வாயைத் திறந்தால் திருதிருவென்று விழிப்பாள். அதனால் அன்று பதிவு அலுவலகத்தில் மகள் லோஷினிதான் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர். வந்ததும் லோஷினியின் அடையாள அட்டைக்காகத்தான். பன்னிரண்டு வயசு. வகுப்பில் எல்லோரும் எடுத்துவிட்டார்கள், இவள் ஒருத்திதான் பாக்கி.

காரியம் எங்கே கெட்டது என்று கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. பதிமூன்று வருஷத்துக்கு முன் கெலுகோர் கோயிலில் தாலி கட்டியாயிற்று, பதிவுக் கையெழுத்து மட்டும் மிச்சம். மாப்பிள்ளை மோகனராஜ் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்காரன். அவனுக்கு லீவு கிடைத்தது ஆடியில்.

"ஆடியில போயி சைன் போடுவியாடா?" என்றாள் அவன் அக்கா பிரமிளா. ஆவணியில் லீவு இல்லை. புரட்டாசிக்குள் துளசி முழுகாமல் இருந்தாள். "வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு ரெண்டாவது கல்யாணமா? தாலி ஏறியாச்சுல்ல தம்பி, பேப்பர் எங்கயும் ஓடிப் போகாதுலா!"

குழந்தை பிறந்து தீட்டும் கழிந்த பிறகு, கைக்குழந்தையோடு போய்ச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். அட மடையர்களா! சட்டத்துக்கு அன்றைக்குத்தான் கல்யாணம். பிள்ளையோ முன்பே பிறந்தாயிற்று. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு, அப்பன் மலேசியக்காரனே ஆனாலும், தாயின் நாடுதான் நாடு. பிறப்புப் பத்திரத்தில் 'குடியுரிமை இல்லாதவர்' என்றிருந்ததை எழுதியவரின் கைப்பிழை என்று நினைத்து மோகனராஜ் மடித்து வைத்துவிட்டான்.

விஷயம் புரிந்த பிறகு குடியுரிமை கேட்டு இரண்டு மனு போட்டார்கள், இரண்டும் தள்ளுபடி. இப்போது வந்தது மூன்றாவதற்குப் பதில் கேட்க. பிள்ளையிடம் ஒன்றும் சொல்லவில்லை. கார்டு வர லேட்டாகும் என்றே சமாளித்தார்கள். இன்றைக்கென்று மோகனராஜுக்கு லீவு கிடைக்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் கவுண்டரில் இருந்த ரொஸ்னா என்ற அம்மாள் நல்ல மாதிரிதான். கோப்பைப் புரட்டிவிட்டு மெதுவாக ஏதோ கேட்டாள். லோஷினி அம்மாவைப் பார்த்தாள்.

"ம்மா, நான் பொறந்தப்போ ஒங்களுக்குக் கல்யாணம் ஆகலையான்னு கேக்கறாங்க."

துளசிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "தாலி கட்டி பதினோரு மாசம் கழிச்சுப் பொறந்தவடி நீ! முந்நூறு பேரு பந்தியில ஒக்காந்து சாப்பிட்டாங்க. சொல்லு அவங்ககிட்ட!"

லோஷினி சொன்னாள். ரொஸ்னா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு கடிதத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து நீளமாகப் பேசினாள்.

"என்னடி சொல்றாங்க?"

"இந்தத் தடவயும் கெடைக்கலயாம். கோயில் கல்யாணம் கணக்குல இல்லையாம். நான் இந்த ஊர் ஆளு இல்லையாம் ம்மா, ஒங்க ஊர் ஆளாம்." அவள் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். "அங்க நான் போனதே இல்லையே?"

 துளசி கைப்பையிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். மணவறையில் அவள், கழுத்தில் அப்போதுதான் ஏறிய தாலி. நாள், தேதி எல்லாம் ஓரத்தில் அச்சாகியிருந்தது. ரொஸ்னா படத்தை வெகுநேரம் பார்த்தாள். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, தணிந்த குரலில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"என்ன சொன்னாங்க? சொல்லுடி!"

லோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க அழகா இருக்கீங்களாம், ம்மா."