ஏசாயாவில் இல்லாத வசனம்

என் மகள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, தேவதூதர்களும் பிசாசுகளும் மோதிக்கொள்ளும் ஓர் ஆங்கிலத் தொடரில் மூழ்கிக் கிடந்தாள். அதில் தேவதூதன் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மோட்டார்சைக்கிளில் வருவான். பிசாசு அவனைவிட அழகாகச் சிரிக்கும். கடவுள் மட்டும் நீண்ட லீவில் போனவர்போல ஆளையே காணோம். 

“வேதத்த வச்சு விளையாடுறாங்க. பாக்காதே” என்றேன்.

“ஒரு எபிசோடாவது பாத்துட்டுத் திட்டுங்கம்மா” என்றாள்.

நியாயம்தான். சுவா சூ காங்கில் எங்கள் வீட்டு சோபாவில், நோட்டும் பேனாவுமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் நாள் பதினோரு தப்புகளை எழுதினேன். மூன்றாம் வாரம் நோட்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. மீன் குழம்பை அவசரமாக இறக்கி வைத்துவிட்டு, “ஆரம்பிச்சிட்டியா?” என்று நானே கேட்கத் தொடங்கியிருந்தேன்.

சபைப் பெண்கள் நாங்கள் மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது கூடி வேதம் வாசிப்போம். அம்முறை பக்கத்துப் பேட்டையான புக்கிட் பாஞ்சாங்கில், ஓர் அக்கா வீட்டில். பேச வேண்டியது நான். நம்பிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து, “விளக்கை அணைத்தவனுக்கும் விடியல் மறுக்கப்படுவதில்லைன்னு ஏசாயா தீர்க்கதரிசி சொல்றார்” என்றேன். இரண்டு பேர் ஆமென் என்றார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஆண்ட்டி ஒருவர் மட்டும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

“எந்த அதிகாரம்மா?”

“நாப்பதுக்கு மேல இருக்கும் ஆண்ட்டி.”

“நாப்பதுலேர்ந்து அறுபத்தாறு வரைக்கும் பாத்துட்டேன். இல்லையே.”

அப்போதுதான் உறைத்தது. அதை ஏசாயாவின் வசனம் என்று தொடரில் சொன்னவன் மோட்டார்சைக்கிள் தேவதூதன். அவனுடைய ஆங்கிலத்தை நான் என்னையறியாமல் வேதத் தமிழாக்கி, மனத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். காது இரண்டும் சுட்டது.

“மன்னிச்சிடுங்க. இது வேதத்துல இல்ல. டிவி சீரியல்ல ஒரு தேவதூதன் சொன்னது.”

சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு நின்ற வீட்டுக்கார அக்காதான் முதலில் வாய் திறந்தார். “அய்யோ, ஜாக்கெட் போட்டுட்டு வருவானே, அவனா? நானும் பாக்குறேன் லா!”

பாதித் தேநீர் தட்டில் சிந்துமளவுக்குச் சிரிப்பு. ஆமென் சொன்ன இருவரும்தான் அதிகம் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் சோபாவில் உருண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனாலும் மனத்தில் இருந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை. “அவன் ஜாக்கெட் போடட்டும், பைக் ஓட்டட்டும். எது வேதம், எது கதைன்னு எனக்கே தெரியாமப் போச்சு பாரு, அதுதான்டி பயமா இருக்கு.”

அவள் சிரிப்பை நிறுத்தினாள். “அப்போ பைபிள்ல ஏஞ்சல் எப்படிம்மா இருப்பாங்க?”

“எனக்கும் அரைகுறையாத்தான் தெரியும். அடுத்த மாசம் வா, வாசிப்போம்.”

ஞாயிறு பள்ளியை முடித்த பிறகு இப்படி எதற்கும் வராதவள், வந்தாள். எசேக்கியேல் புத்தகத்தைத் தமிழில் திக்கித் திணறி வாசித்தாள். பரலோகத்து ஜீவன்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம், நான்கு சிறகு. அவற்றோடு ஓடும் சக்கரங்களின் விளிம்பெல்லாம் கண்கள். பாதியில் நிமிர்ந்து பார்த்தாள்.

“இது செம டெரரா இருக்கு! இத விட்டுட்டு ஏன் அவனுக்கு ஜாக்கெட்ட மாட்டி விட்டாங்க?”

“நாலு மூஞ்சிக்கும் மேக்கப் போட்டு முடியுமா லா?” என்றார் ஆசிரியை ஆண்ட்டி.

மறுபடி சிரிப்பு. அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதன்பின் யாரும் சொல்லாமலே, விட்ட வரியில் விரலை வைத்து, மகள் மேலே வாசிக்கத் தொடங்கினாள்.