கொடியில் காய்ந்த கட்டுரை

"ஆந்திரா வேணும்னு என் பொண்ணு எழுதிப் பேர் போட்டத கொடியில தொங்கவுட்டுகினு கீறீங்களாமே, தெருவே சிரிக்குதும்மா."

சொன்னவர் சுப்பராயன், நகரியிலிருந்து சித்தூருக்கு வந்து தறி போட்டவர். கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது எல்லாரும் வந்து திட்டிவிட்டுப் போகிற தொழில். வீட்டில் டியூஷன் எடுக்கும் சகோதரிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் மகள் ருக்மணி கட்டுரைப் பரீட்சையில் ஏற்கெனவே தவறியவள். இந்த முறை தேறினால் திருப்பதியில் கல்லூரி. இல்லாவிட்டால் ராமகுப்பத்தில் மாப்பிள்ளை தயார்.

கத்தரிக்கோல் பாடம்

கான்வென்டில் எங்களைக் கட்டுரைகளை உருப்போட வைத்தார்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். எழுதியதை வரி வரியாக வெட்டிக் கலைத்துத் தரையில் போடுவேன். பெண்கள் கூடி உட்கார்ந்து ஒழுங்காக அடுக்க வேண்டும். ருக்மணியின் 'நூலகத்தின் பயன்' எப்படி அடுக்கினாலும் ஒரே மாதிரி இருந்தது. பக்கத்திலிருந்த தெலுங்குப் பெண் சுலோசனா சொன்னாள்: "எங்கேர்ந்து படிச்சாலும் நூலகம் நல்லதுதான் டீச்சரம்மா."

எதிர்ப்பக்கம்

சித்தூர் ஆந்திராவுக்கா மதராஸுக்கா, எல்லையை எங்கே போடுவது என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். அதையே தலைப்பாகக் கொடுத்தேன். அவரவர் நினைப்பதற்கு எதிராக, அவரவர் மொழியில் எழுத வேண்டும். தமிழ்ப் பெண்கள் ஆந்திராவுக்கு வாதாட, தெலுங்குப் பெண்கள் மதராஸுக்கு வாதாடினார்கள்.

ருக்மணி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு எழுதினாள்: காரணம், அதற்குச் சான்று, மறுப்பவருக்குப் பதில். ஒரு வரியையும் இடம் மாற்ற முடியவில்லை. அவள் படிக்கக் கேட்ட சுலோசனா, "அடிப்பாவி, எங்க நானாகூட இவ்ளோ நல்லாச் சொல்லலடி" என்று தன் அப்பாவையே இறக்கிச் சொன்னாள்.

கொடி

வகுப்பில் எல்லாருக்கும் தெரியட்டும் என்று நீளத் தாள்களில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருந்தேன். கீழே பெயர் போடுவது என் கான்வென்ட் பழக்கம். மை காய வாசல் கொடியில் போட்டோம். எங்கள் தெருவில் கொடியில் தொங்குவது புடவையானாலும் பார்க்காமல் போகிறவர் இல்லை. இதைக் கோஷம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

சுப்பராயனிடம் விளக்கினேன். தெலுங்குப் பெண்கள் மதராஸுக்காக எழுதியதையும் படித்துக் காட்டினேன். மகளின் தாள்களை அவரே நின்று படித்தார், மெதுவாக, கடைசி வரை.

"நல்லாத்தான் எழுதிகீறா. அதான் பயமா கீது. படிச்சா நம்புறாப்பல கீது."

நம்பும்படி எழுதக் கற்றுக்கொடுத்தால் நம்பிவிடுவார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் உள்ள ஒரே ஆபத்து.

அவர் தாள்களைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தார். ருக்மணி எழுந்து வந்து, அவரோடு போகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"பரீட்சை முடியிற வரைக்குமாவது அனுப்புங்க" என்றேன்.

அதற்குள் இருவரும் தெருமுனை திரும்பிவிட்டார்கள்.