ஒழுங்கைக்குக் கொடுத்த மதில்

எங்கள் ஒழுங்கையின், இந்த ஒடுங்கிய சந்தின், நலன்புரிச் சங்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். மழைக்கு முன்பு கழிவுநீர்க் கானைத் துப்புரவாக்கியது, அணைந்த தெருவிளக்குக்காக நடையாய் நடந்தது, டெங்கு வந்த வருஷம் வீடு வீடாகப் போய்ச் சிரட்டை பொறுக்கியது எல்லாம் அவர்கள்தான். என் புருஷன் அதில் செயலாளர். வீட்டில் ஒழுகும் பைப்பைப் பார்க்க நேரமில்லாத மனிதர், சங்கம் என்றால் சாப்பாட்டை அரைவாசியில் விட்டுவிட்டு ஓடுவார்.

அந்தச் சங்கம்தான் ஒருநாள் என் மதிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டது.

காரணம் நல்ல காரணம். ஒழுங்கையின் கடைசி வீட்டில் ராத்தா ஒருவர் இருக்கிறார். கூடப்பிறந்த அக்கா இல்லை, ஆனால் எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து ராத்தாதான். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமையில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் நுழையாது. போகும்போது மதிலைப் பிடித்துப் பிடித்து எப்படியோ நடந்துவிடுவார். வரும்போது உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது. சங்கத்துப் பொடியன்கள் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கி வருவார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் தூக்கினார்கள். ராத்தா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வருவார். 

ஒழுங்கை இப்படி ஒடுங்கியதற்கும் நாங்களே காரணம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஒவ்வொரு மகளுக்கும் வளவு நிலத்தைப் பிரித்து வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து குடியேறுவார். ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஒரு மதில் எழும்பும். எழும்புகிற ஒவ்வொரு மதிலும் பாதையில் ஒரு சாண் விழுங்கும்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். மத்ரஸா மண்டபத்தில் கூட்டம் போட்டு, ஒவ்வொரு வீட்டு மதிலையும் இரண்டடி உள்ளே எடுத்தால் ஓட்டோ மட்டுமல்ல, அம்புலன்சும் வரும் என்று விளங்கப்படுத்தியிருக்கிறார். வந்திருந்த ஆண்கள் எல்லோரும் கையை உயர்த்தினார்கள். என் புருஷன்தான் முதலாவதாம். வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னார்.

“புள்ள, நம்மட மதிலையும் குடுத்திட்டன்.”

“நம்மட எண்டா யார்ட?”

 அவர் இந்த வீட்டுக்கு வந்தது ஒரு சூட்கேசோடு. அவரை மட்டும் சொல்வானேன், அன்று கை உயர்த்தியவர்களில் ஒருத்தருக்கும் இந்த ஒழுங்கையில் ஒரு கல் சொந்தமில்லை. வீடுகள் எல்லாம் வீட்டிலிருந்த எங்களுடையவை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்தியது.

சனிக்கிழமை காலை தலைவர் மதில் உடைக்க மேசனோடு வந்தபோது நான் கேற்றை மறித்து நின்றேன்.

“சேர், தரமாட்டன் எண்டு நான் சொல்லல்ல. என்னட்டக் கேளுங்க எண்டுதான் சொல்றன்.”

எதிர்வீட்டுச் சாச்சியும் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். பிறகு மற்றப் பெண்களும் வந்தார்கள். மேசன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போடத் தொடங்கினார்.

எங்களிடம் கேட்க வேண்டும், நான் நினைத்தது அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஒழுங்கையில் ஒரு கதை இந்த முனையில் புறப்பட்டால் அந்த முனைக்கு வேறு கதையாகத்தான் போய்ச் சேரும். மதிய லுஹர் தொழுகைக்கு முன்பே ராத்தாவின் மகள் அழுதுகொண்டு வந்தாள்.

“பொம்புளையள் மதில் தரமாட்டாங்களாம் எண்டு உம்மாக்குத் தெரிஞ்சிட்டு. அவவுக்காக ஒருத்தரும் ஒண்டும் உடைக்கத் தேவல்லயாம். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கும் போகமாட்டாவாம்.”

 அந்தப் பயணத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் ராத்தா வீட்டு முற்றத்தில் கூடினோம். தலைவரையும் என் புருஷனையும் நான்தான் கூப்பிட்டேன். சங்கத்துக் கூட்டம் ஒன்றில் பெண்கள் இருந்தது அதுதான் முதல் தடவை. தலைவர் பெரிய மனசுக்காரர். வெட்கம் பார்க்காமல் எழும்பி நின்று ஒவ்வொரு வீட்டுக்காரியிடமும் கேட்டார். ஓம் சேர், ஓம் சேர் என்று பதில் வந்தது. என் முறை வந்தபோது, “ராத்தாக்குத் தராம வேற யாருக்குத் தரப்போறன்” என்றேன். 

ராத்தா உள்ளே கட்டிலில் இருந்து எழும்பி வந்து, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எல்லாரட்டயும் கேட்டீங்க சேர். என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லயே.”

 என்னிடம் கேட்கவில்லை என்று கேற்றை மறித்த நானும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

“இப்ப கேக்கிறன் தங்கச்சி, சொல்லுங்க” என்றார் தலைவர்.

“எனக்கெண்டு உடைக்க வேணாம். எனக்கெண்டு உடைச்சா, நான் கண்ணை மூடி மவுத்தாப் போன மறுகா திரும்பக் கட்டிருவீங்க. பாதைக்கெண்டு உடையுங்க. இன்னொரு பொம்புளை இந்தப் பாதையால கதிரையில வரப்படாது.”

அழக்கூடாது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. திங்கட்கிழமை போவீர்கள்தானே என்று மட்டும் கேட்டேன். “ஓட்டோ வந்தாப் போறதானே புள்ள” என்றார்.

ஞாயிறு காலை முதலில் விழுந்தது என் மதில். மதியத்துக்குள் ஒழுங்கை முழுக்கக் கல்லும் தூசியும். கல்லை அள்ளி முடித்ததும் என் புருஷன் புது மதிலுக்கு நூல் பிடித்தார். சங்கம் சொன்னபடி சரியாக இரண்டடி. நான் நூல் கட்டிய கட்டையைப் பிடுங்கி, என் மல்லிகைப் பந்தலையும் வெளியே விட்டு, இன்னும் ஓர் அடி உள்ளே தள்ளி நட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் நூலின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நகர்ந்தார்.