கண்ணாடியின் வலது முழங்கை

பெயிண்டரான என் வீட்டுக்காரரை வேலையிடத்தில் எல்லோரும் ‘கண்ணாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பட்டி பார்த்த சுவரில் கை வைத்தால் வழுக்கும். தகட்டில் வெள்ளைப் பட்டியை அள்ளிச் சுவர் முழுக்க இழுத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் பெயிண்ட் டப்பாவையே திறப்பார். இப்படி இழுத்து இழுத்தே பேர் வாங்கிய அந்த வலது கை, ஒரு நாள் டீ டம்ளரைத் தூக்க முடியாமல் கீழே போட்டது.

“வயசாகுதுல்ல” என்றார். நாற்பத்தாறில் என்ன வயசாகிறது? பூட்டில் சாவியைத் திருப்பினாலே முகம் கோணிக்கொண்டது. டாக்டரிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

முழங்கையின் வெளிப்பக்கம் துருத்தியிருந்த எலும்பில் டாக்டர் விரலை வைத்தார். இவர் நாற்காலியோடு எழுந்துவிட்டார்.

“டென்னிஸ் எல்போ.”

“நான் மட்டையைத் தொட்டதே இல்லையே சார்!”

“பேருதான் அப்படி. மணிக்கட்டைத் தூக்குற தசை எல்லாம் இங்கதான் எலும்போட ஒட்டுது. ஓயாம இழுத்தா ஒட்டியிருக்கிற நார் நைஞ்சு போகும்.”

ஊசி போட்டால் சரியாகிவிடுமா என்று இவர் கேட்டார். வலி அடங்கும், ஆனால் நைந்த நார் அப்படியேதான் இருக்கும், வேலைக்கு ஓடினால் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும் என்றார் டாக்டர். மனுஷன் காதில் முதல் இரண்டு வார்த்தைதான் ஏறியது. ஊசியைப் போட்டுக்கொண்டார், வலி போனது, அந்த வாரமே அண்ணாந்து ஒரு சீலிங்கை முழுசாக முடித்துவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டியதாயிற்று.

மறுபடி போனபோது டாக்டர் திட்டவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. “ஆபரேஷன் பேச்சு இப்ப வேணாம். பெரும்பாலும் பயிற்சியிலயே சரியாகும். ஆனா மாசக்கணக்காகும்” என்று பிசியோ மேடத்திடம் அனுப்பினார். அந்த மேடம் சின்னப் பெண்தான், ஆனால் கறார். முழங்கைக்குக் கீழே பட்டை கட்டச் சொன்னார், மேசை ஓரத்தில் கையை வைத்துச் சின்ன எடையோடு செய்யும் பயிற்சியைக் காட்டினார். “லேசா வலிச்சா பரவாயில்ல. வலி ஏறுதுன்னா அங்கேயே நிறுத்திடணும். வேலையிலும் அப்படித்தான்.”

“சுவத்துல பாதியில நிறுத்த முடியாதும்மா. காஞ்சதும் புதுசும் ஒட்டுற இடத்துல கோடு விழும்.”

எங்கள் வீட்டுச் சண்டை முழுக்க இந்தக் கோட்டைப் பற்றித்தான். உயிர் போகிற மாதிரி வலித்தாலும் சுவரை முடிக்காமல் இறங்க மாட்டார். இவர் வைத்த தகடு பாதியில் நின்றால் வானம் இடிந்து விழுந்துவிடுமாம். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

என் தம்பிதான் அவருக்குக் கான்ட்ராக்ட் பிடித்துத் தருகிற கூட்டாளி. ஒரு நாள் வந்து, அவர் காதுபடவே சொன்னான்: “அக்கா, பள்ளிக்கூட வேலை ஒண்ணு வருது. மாமா கை இப்படியே இருந்தா வேற ஆளைத்தான் சேர்க்கணும். நான் என்ன பண்ணுவேன், சொல்லு.”

அவர் எழுந்துபோய்ப் பட்டையைக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து வெறி பிடித்தவர் போலப் பயிற்சி. நானும் மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். வலியோ ஏறிக்கொண்டே போனது.

“எப்படிச் செய்யறீங்க, காட்டுங்க” என்றார் பிசியோ மேடம், அடுத்த தடவை போனபோது. இவர் பெருமையாக, வீட்டில் நிறைந்த பெயிண்ட் டப்பாவை வைத்துச் செய்வதாகச் சொல்லி, மணிக்கட்டைச் சட்டென்று மேலே தூக்கிக் காட்டினார், தொப்பென்று கீழே விட்டார். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“தூக்க இடது கை ஒத்தாசை பண்ணணும்னு சொன்னேனே! வலது கைக்கு இறக்குற வேலைதான். மெதுவா இறக்கணும், அதுதான் மருந்து. டப்பாவா? அரை பாட்டில் தண்ணி போதும்.”

இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் தலைகீழ்! தெருவென்றும் பார்க்காமல் வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு தினமும் அரை பாட்டில் தண்ணீரோடு மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். அது அவ்வளவு மெதுவாக இறங்குவதைப் பார்க்கிற எனக்கே பொறுமை போகும். மாதங்கள் போயின. டம்ளரைத் தூக்கினார், பொத்தானைத் தானே போட்டார். தகட்டைப் பிடிக்க முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

பள்ளிக்கூட வேலை தொடங்கியது. “ஒரு ரூமுக்குப் பட்டி பார்த்துட்டுச் சொல்லுங்க மாமா, அப்புறம் முடிவு பண்ணலாம்” என்றான் தம்பி. மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோனேன். இறுக்கிப் பிடிக்க வேண்டாமென்று தகட்டின் பிடியில் துணி சுற்றியிருந்தார். முழங்கைக்குக் கீழே பட்டை. பாதிச் சுவர் பளபளவென்று வந்திருந்தது. அப்போது அவர் பல்லைக் கடித்தார். அந்தக் கடி எனக்குத் தெரியும். தம்பியும் பார்த்துக்கொண்டு நின்றான். கத்துவதற்கு நான் வாயைத் திறந்தேன்.

அவர் தகட்டை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டார்.

“மீதியை நீ இழு மாப்ளே.”

“கோடு விழும் மாமா.”

“விழட்டும்.”

சுவருக்கு முதுகைக் காட்டி, கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்தார். நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று இத்தனை மாதம் உயிரை வாங்கியவள் நான். நிறுத்திவிட்டார். எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

“அரைச் சுவர் ஆளை வெச்சுக்குவியாடா?” என்று தரையைப் பார்த்தபடி கேட்டார்.

தம்பி பட்டியை அள்ளி, அவர் விட்ட இடத்திலிருந்து இழுத்தான். கோடு நன்றாகவே தெரிந்தது.

“நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துடுங்க மாமா” என்றான்.