திங்கட்கிழமை இருமல்

மேடை ஏறிவிட்டால் ஹபீப் ரகுமானுக்கு இறங்கத் தெரியாது. மருத்துவக் கல்லூரியில் புதுப் பிள்ளைகள் சேர்கிற மாதத்தில் நேரத்தைக் கையாளுவது எப்படி என்று ஒரு வகுப்பு வைப்பார்கள். வருஷா வருஷம் அதை எடுப்பவர், சமூக மருத்துவத் துறையில் இணைப் பேராசிரியராக இருக்கும் இவர்தான். வேலை, குடும்பம், மனசுக்குப் பிடித்த பொழுதுபோக்கு, மூன்றையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் எப்படிக் கொண்டுபோவது என்று விளாசித் தள்ளுவார். முடிக்கும்போது செல்போனிலிருந்து ஒரு படத்தைத் திரையில் போடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு மொட்டைமாடி. கைலியும் பனியனுமாக அவர் நிற்பார், தோளில் இரண்டு புறா. "எனக்கே நேரம் இருக்குன்னா ஒங்களுக்கு ஏன் இல்லாமப் போகுது?" என்று கேட்டதும் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

கைதட்ட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. பந்தயப் புறா வளர்ப்பது சாமானிய வேலையா? வேளாவேளைக்குத் தீனி, தண்ணீர், குஞ்சுகளுக்குத் தனிக் கவனிப்பு, பறக்கவிட்டால் இறங்குகிறவரை வானத்தைப் பார்த்துக் கழுத்து வலிக்க நிற்பது என்று அதற்கே ஓர் ஆள் வேண்டும். இவருக்கோ விடிந்தும் விடியாமலும் கார் ஏற வேண்டும். கல்லூரி வளாகத்துக்குள் நின்று செல்போனில் முகத்தைக் காட்டினால்தான் அன்றைய வருகை பதிவாகும். கொஞ்சம் பிந்தினாலும் சம்பளம் போடுகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். அதனால் மாடிக்குப் போய்க் கம்பும் பட்டாணியும் இறைத்து, நாலு வார்த்தை கொஞ்சிவிட்டு, அவர் கிளம்பிவிடுவார்.

அதன் பிறகு மாடி ஏறுகிறவள் அவர் மனைவி அப்ரோஸ் பேகம். காய்ந்து பொடியாகிக் கிடக்கும் எச்சத்தைச் சுரண்டி, கூட்டி, வாரிக் கொட்டுவது அவள் வேலை. அதை முடித்துவிட்டுத்தான் குளிப்பாள், சமைப்பாள், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் சப்ரீனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள், பஸ் பிடித்து ராஜபாளையம் போவாள். அங்கே ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் அவள் பொறுப்பாளர். யார் எந்த ஷிப்ட், யார் லீவு, யார் வீட்டில் என்ன விசேஷம், அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. மில்லில் டாக்டர் மனைவி என்று அவளை யாரும் சொல்லுவதில்லை. "பேகம் மேடம்" என்றால்தான் தெரியும். அந்தப் பெயரைக் கேட்க அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு மாடி வேலை கிடையாது. அன்றைக்குக் கூட்டைச் சுத்தம் செய்வது நம்ம டாக்டர். அதையும் வகுப்பில் சொல்லிக்கொள்வார்.

அப்படி இருந்த அப்ரோஸுக்குத்தான் இருமல் வந்தது. முதலில் வறட்டு இருமல். பிறகு சாயங்காலமானால் உடம்பு வலி, குளிர், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. சளி மருந்து, கஷாயம் எதற்கும் கட்டுப்படவில்லை. ஒருநாள் ஹபீப் அவளை உட்காரவைத்துக் கேட்டார்.

"எப்ப ஆரம்பிக்கி?"

"மத்தியானம் சாப்பாட்டுக்குப் பொறவு. மில்லுல இருக்கும்போதே நெஞ்ச அடைக்கும்."

"ஞாயித்துக்கெழமை?"

"அன்னைக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். திங்கக்கெழமை போனா திரும்ப வந்துருது."

கேட்டாரே அந்த வார்த்தையை, முகத்தில் என்ன ஒரு வெளிச்சம்! அவர் மேல்படிப்புக்குச் செய்த ஆய்வே இந்த வட்டாரத்து நூற்பாலைத் தொழிலாளர்களின் நுரையீரல் பற்றியது. பஞ்சுத் தூசியால் வரும் நோய்க்கு ஒரு விசேஷ குணம் உண்டு. லீவு நாளில் நெஞ்சு லேசாகும், மறுபடி வேலைக்குப் போகிற முதல் நாள் இறுக்கிப் பிடிக்கும். திங்கட்கிழமை நோய் என்றே அதைச் சொல்லுவார்கள். இத்தனை வருஷமாகப் பாடம் நடத்திய நோய் தன் வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

"டைம் ஆபீஸ்ல ஏதுங்க பஞ்சு? கண்ணாடிக் கதவு போட்ட ஏசி ரூம்லல்லா இருக்கேன்" என்றாள் அப்ரோஸ்.

"நீ போற வழியில மிஷின் ஓடுதுல்ல? காத்துல இருக்கும். கண்ணுக்குத் தெரியாது."

"மிஷின்கிட்டயே நிக்கிற பிள்ளைய எல்லாம் நல்லாத்தான இருக்கு?"

"ஒவ்வொருத்தர் ஒடம்பு ஒவ்வொரு மாதிரி" என்றவர், அப்படியே அரை மணி நேரம் பாடம் எடுத்தார். "அத்தா, இது நம்ம வீடு, காலேஜ் இல்ல" என்று சப்ரீன் எழுந்து போய்விட்டாள்.

ராஜபாளையத்தில் நெஞ்சு நோய் மருத்துவராக இருக்கும் ஜெபா அவருடைய பழைய மாணவி. அவளிடம் கூட்டிக்கொண்டு போனார். இங்கேதான் கதை கெட்டது. நோயாளியிடம் எப்படிக் கேட்பது என்பதை அந்த ஜெபாவுக்குச் சொல்லிக்கொடுத்தவரே இவர். "நீங்களா ஒரு முடிவுக்கு வந்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி கேக்காதீங்க, அவங்கள பேசவிடுங்க" என்று வார்டில் நிற்கவைத்துத் திட்டியவரும் இவரேதான். ஆனால் அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும், பரீட்சைக்கு வந்த மாணவன் கணக்காக இவரே ஆரம்பித்துவிட்டார். வயது இன்னது, நூற்பாலை ஊழியர், திங்கட்கிழமைதோறும் நெஞ்சடைப்பு, ஞாயிறு குணம். அப்ரோஸ் பக்கத்தில் வாயைத் திறந்தாள், மூடினாள்.

"வீட்டுல பிராணிங்க ஏதாவது வளக்கீங்களா சார்?" என்று ஜெபா ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தாள்.

"ஒரு பூனைகூட கெடையாதும்மா" என்றார்.

பொய் சொல்லவில்லை மனிதர். அவர் கணக்கில் புறா பிராணியில் சேர்த்தி இல்லை. அது மாடியில் இருக்கிறது, அவருடைய சந்தோஷத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். வாத்தியார் சொன்ன பிறகு மாணவி எதை மறுத்துக் கேட்பாள்? வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர் எழுதிக்கொடுத்து, கொஞ்ச நாள் மில்லுக்குப் போகாமல் இருந்து பார்க்கலாம் என்றாள்.

கொஞ்ச நாள் என்றதை ஒரேயடியாக என்று ஆக்கியவர் ஹபீப். லீவெல்லாம் சரிப்படாது, நுரையீரல் விளையாட்டுச் சாமான் இல்லை, நான் சம்பாதிப்பது போதாதா என்று தினமும் அரித்தார். அக்கறையோடுதான் அரித்தார், அதில் சந்தேகமே இல்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவளும் எத்தனை நாள்தான் தாங்குவாள்? ராஜினாமாக் கடிதத்தை அவரே டைப் அடித்தார், அவள் கையெழுத்துப் போட்டாள். மில்லில் கடைசி நாள் அன்று மம்சாபுரத்திலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

வேலையை விட்ட பிறகு இருமல் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, கூடியது. ஏன் கூடாது? "வீட்டுலதான இருக்க, குஞ்சு பொரிச்சிருக்கு, சாயங்காலமும் செத்த நேரம் கூட்டி விட்டுரு" என்று டாக்டரே சொல்லியிருந்தார். முன்பு காலையில் மட்டும் தின்ற தூசியை இப்போது இரண்டு வேளையும் தின்றாள் அவள். மில் தூசி உள்ளே தங்கியிருக்கிறது, மெல்லத்தான் போகும் என்று இவர் தேறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். தொழுகைக்குக் குனிந்து நிமிர்வதற்குள் அவளுக்கு மூச்சு முட்டுவதைப் பார்த்த பிறகுதான் ஸ்கேன் எடுத்துக்கொண்டு மறுபடி ஜெபாவிடம் ஓடினார்.

அன்றைக்கும் அவர்தான் பேச ஆரம்பித்தார். பாதியில் கல்லூரி முதல்வர் போனில் கூப்பிட்டார். ஆய்வுக் குழு வருகிறதாம், ஏதோ தகவல் உடனே வேண்டுமாம். எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது ஜெபா நாற்காலியை இழுத்து அப்ரோஸுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் உள்ளே வந்ததும் எழுந்து நின்றாள்.

"சார், காலையில எந்திரிச்சதுலருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன செய்வீங்கன்னு அக்காட்ட கேட்டேன். தினமும் புறாக் கூடு கூட்டுறாங்களாமே. நீங்க சொல்லவே இல்லையே சார்."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காமல் எப்படி இருக்கும்? பஞ்சுத் தூசிப் பாடத்தை முடித்ததும் அவர் நடத்துகிற அடுத்த பாடமே அதுதான். பறவை எச்சம் காய்ந்து தூளாகி மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் சண்டைக்கு நிற்கும், ஆனால் அந்த நேரமே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் காட்டும். காலையில் கூட்டினால் மத்தியானம் இருமும், அப்போது அவள் மில்லில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவர் கூட்டுவார், அவள் நன்றாக இருப்பாள். இதைத்தான் வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறார்.

"நுரையீரல்ல கொஞ்சம் தழும்பு விழுந்திருக்கு சார். அது போகாது. ஆனா இப்பவே விலகிட்டா மேல பரவாமப் பாத்துக்கலாம். ஒரு எறகுகூட வீட்டுல இருக்கக் கூடாது" என்றாள் ஜெபா.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "அப்ரோஸ், என்னைய மன்னிச்சிரு" என்றார்.

"மில்லுல ஒண்ணும் இல்லன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள் அவள். கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கே அவளை ராஜபாளையத்தில் அவள் அண்ணன் சேக் முகைதீன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். செட்டியார்பட்டியில் புறா வளர்க்கும் தவசிமுத்து அவருடைய பந்தயக் கூட்டாளி. அவன் லோடு ஆட்டோவோடு வந்தான்.

"டாக்டர் பாய், நல்லா ரோசிச்சுக்கோங்க. இந்த மாதிரி சோடி திரும்பக் கெடைக்காது."

"கொண்டு போயிரு தவசி. நின்னு பேசாத."

கூட்டை அவரே பிரித்தார். மூக்கு வாயைக் கட்டிக்கொண்டு, எச்சத்தை ஈரமாக்கிச் சுரண்டி, தரையைத் திரும்பத் திரும்பக் கழுவினார். பாதி நாளிலேயே இடுப்பு விட்டுப்போனது. இதை அவள் தினமும் செய்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

சில வாரம் கழித்து அப்ரோஸ் வீட்டுக்கு வந்தாள். மூச்சு சீராகியிருந்தது, இருமல் எப்போதாவது வந்தது. அவள் வந்த மறுநாளே ஒரு சோடிப் புறாவும் வந்துவிட்டது. புது இடம் பழகும்வரை பறக்காமல் இருக்கப் போட்ட இறக்கைக் கட்டைச் செட்டியார்பட்டியில் தவசிமுத்து அவிழ்த்திருப்பான் போலிருக்கிறது. அவை நேராக இங்கே வந்து, கூடு இருந்த இடத்தில் இறங்கி, வெறும் தரையைச் சுற்றிச் சுற்றி நடந்தன. ஜன்னலை எல்லாம் அடைக்கச் சொல்லிவிட்டு ஹபீப் துண்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். துண்டை வீசினால் அவை அவர் தோளில் வந்து உட்காரப் பார்த்தன. கையைத் தட்டினார், அதட்டினார். கடைசியில் அழுதுகொண்டே விரட்டினார். அவை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து அவரையே பார்த்தன. தவசிமுத்து வந்து பிடித்துப் போனான்.

அடுத்த வாரம் அப்ரோஸ் மில்லுக்குக் கிளம்பினாள்.

"நானும் வாரேன். மேனேஜர்ட்ட நான் எடுத்துச் சொல்லுதேன்" என்றார் ஹபீப்.

"வேண்டாம். எனக்காக நீங்க பேசினது போதும். என் வாயால நான் பேசிக்கிடுதேன்."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தனியாகத்தான் பஸ் ஏறினாள். அவர் அன்றைக்குக் கல்லூரிக்கு லீவு போட்டார். சாயங்காலம் அவள் வரும்போது டீ போட்டு வைத்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"வரச் சொல்லிட்டாங்க." டம்ளரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "என் சீட்டுல மாரீஸ்வரி இருக்கா. நான் பழக்கிவிட்ட பிள்ளைதான். அவளுக்குக் கீழ போட்டிருக்காங்க. பழைய சர்வீஸ் சேராதாம், புது ஆளா எழுதிக்கிட்டாங்க."

"அத்தனை வருச சர்வீஸும் போச்சா?"

"நாமளா எழுதிக் கொடுத்ததுதான, அவங்கள என்ன சொல்ல?"

"ரொம்ப வருத்தமா இருக்கு அப்ரோஸ்" என்றார்.

அவள் சூடு பொறுக்காமல் டம்ளரைக் கீழே வைத்தாள். குரலில் கோபம் இல்லை.

"அன்னைக்கு மாடியில அந்தச் சோடிய வெரட்டும்போது நீங்க அழுதீங்க. மாடிக் கதவுக் கண்ணாடி வழியா நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எனக்கே பாவமாப் போச்சு. ஆனா நான் வேலைய விட்டுட்டு வந்தேன்ல, அன்னைக்கு நீங்க அல்வா வாங்கிட்டு வந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. இனி உன் உடம்பு தேறிவிடும் என்று சொல்லி, அவள் வாயில் ஒரு துண்டு ஊட்டியும் விட்டிருந்தார். ஹபீப் ரகுமானால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அவள் டீயைக் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.