தலைமைப் பயிற்சியாளருக்கு ஓர் ஓட்டு

எங்கள் ஹாக்கி அணி தோற்றுக்கொண்டே வந்தது. லீக் பாதியில் தலைமைப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்கள். மலேசியாவில், ஜொகூரில் சம்பளம் வாங்கி ஆடும் அணி. அடிமட்டத்தில் கிடந்தால் யார் சும்மா இருப்பார்கள்? புதியவரைத் தேர்ந்தெடுக்க ஐந்து பேர் குழு அமைந்தது. அணியின் மேனேஜர் என்பதால் நானும் அதில் மாட்டிக்கொண்டேன். எனக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை. பதவிக்குக் கேட்டிருந்த இருவரில் ஒருவன் என் நண்பன்.

நாங்கள் இருவரும் ஒரே மாநில அணியில் ஆடியவர்கள், பாசிர் கூடாங்கில் ஒரே தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தவர்கள். அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் அவன் இங்கே துணைப் பயிற்சியாளராக வந்தான். ஐம்பதைத் தாண்டிவிட்டான். "இது போச்சுன்னா அடுத்தது எனக்கு இல்லடா," என்று ஒருநாள் காரில் வரும்போது சொன்னான்.

இன்னொருவர் ஈப்போக்காரர். சிரிக்கவே மாட்டார். கை கொடுத்தால் விரல் நுனியைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொள்வார். பார்த்த உடனே எனக்கு ஆகவில்லை.

பேட்டியில் எல்லாரும் நன்றாகத்தான் பேசுவார்கள். அதனால் ஆளுக்கொரு பயிற்சி ஆட்டம் கொடுத்தோம். சிங்கப்பூரிலிருந்து ஓர் அணி பாலம் தாண்டி வந்து ஆடியது. குழு மேலே உட்கார்ந்து பார்த்தது.

ஹாக்கியில் ஓர் ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே கூப்பிடலாம், மறுபடி அனுப்பலாம். எப்பேர்ப்பட்டவனையும் அடிக்கடி கூப்பிட்டு மூச்சு வாங்கவிட வேண்டும். எங்கள் கேப்டன் வெளியே வரமாட்டான். பெரிய ஆட்டக்காரன்தான், ஆனை படுத்தாலும் குதிரை மட்டம். ஆனால் வயதாகிவிட்டது. வெயிலில் கால் இழுக்கும்.

முதல் நாள் என் நண்பனின் ஆட்டம். கேப்டனைக் கூப்பிட்டான். அவன் இன்னும் கொஞ்ச நேரம் என்று கையைக் காட்டினான். மறுபடி கூப்பிட்டான், மறுபடி கை. என் நண்பன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேசாமல் நின்றுவிட்டான். கேப்டன் திரும்பி ஓடிவந்து தடுக்க முடியாமல் இரண்டு கோல் விழுந்தன. எனக்குக் காரணம் தெரியும். கேப்டன் மனைவிக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. அவர்கள் குழந்தைக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக மடியில் வைத்துக்கொண்டது என் நண்பன். அந்த உறவை அவனால் கோட்டுக்கு வெளியே கூப்பிட முடியவில்லை. தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். எங்களுக்கு அது கோலாகப் போனது.

மறுநாள் ஈப்போக்காரர். கேப்டன் கையைக் காட்டியதும், மாற்று ஆட்டக்காரனைக் கோட்டருகே நிற்கவைத்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன் வந்து ஸ்டிக்கை எறிந்தான். "தண்ணிய குடிங்க. அப்புறம் திரும்பப் போவீங்க," என்றார், அவ்வளவுதான். கடைசிக் கால்பகுதியில் கேப்டன் பழைய ஆளாக ஓடினான்.

ஓட்டு இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். "ஈப்போக்காரர்," என்றேன். செய்தியை வேறு யாரும் போய்ச் சொல்லக்கூடாது என்று நானே மாசாயில் இருக்கும் நண்பன் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவன் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். "வாங்கண்ணே, உள்ள வாங்க," என்று அவன் மனைவி கூப்பிட்டார். நான் நின்றபடியே சொன்னேன்.

"உனக்கு வரலடா. ஈப்போக்காரருக்குப் போயிருச்சு."

"எத்தனைக்கு எத்தனை?"

"மூணுக்கு ரெண்டு."

விரல் விட்டு எண்ணினான். "எனக்குப் போட்ட ரெண்டுல நீ ஒருத்தன். இன்னொருத்தர் யாருடா?"

"நான் அந்த மூணுல இருக்கேன்."

ஹோஸிலிருந்து தண்ணீர் அவன் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது. அவன் மனைவி வந்து குழாயை மூடினார். "யாரு போடாட்டியும் அண்ணன் போடுவாருன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஏன்னு சொல்லட்டுமாடா?" என்றேன்.

"வேணாம் லா. கேப்டன்தானே. தெரியும்."

இன்றைக்கு ஓட்டுக் கேட்டாலும் நான் அப்படித்தான் போடுவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காக வலிக்காமல் இருக்குமா?

மறுநாள் பயிற்சிக்கு எனக்கு முன்பே வந்திருந்தான். துணைப் பயிற்சியாளராகவே இருக்கிறேன் என்று புதியவரிடம் சொல்லிவிட்டானாம். ஆட்டக்காரர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். என்னிடம் நேராக வந்தான்.

"மேனேஜர், திடலுக்குத் தண்ணி அடிக்கச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டான்.

அன்றிலிருந்து அவனுக்கு நான் மேனேஜர்தான்.