ஆபீசர் சொன்ன ‘சார்ஜ்’

யுத்த காலத்தில் அரியலூர்ப் பக்கம் ஒரு ரேஷன் டிப்போவில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. முதல் நாளே ரத்தம் பார்த்தேன். காரணம் ஓர் இங்கிலீஷ் வார்த்தை.

எங்கள் ஆபீசருக்குத் தமிழ் நன்றாகவே வரும். பேசினால் கௌரவக் குறைச்சல். அன்று அரிசி வண்டி வரவில்லை. வாசலில் ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். ஆபீசருக்கோ சாப்பாட்டு நேரம். காரில் ஏறிக்கொண்டே, பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டிடம், “டேக் சார்ஜ்!” என்றார். ‘பொறுப்பைப் பார்த்துக்கொள்’ என்று அர்த்தம்.

ஏட்டு, திருச்சியில் ஊர்வலங்களைக் கலைத்தே தலை நரைத்தவர். அவருக்குத் தெரிந்த சார்ஜ் ஒன்றுதான். லத்தியை எடுத்தார்.

“சார், எதுக்கும் ஒரு தடவ கேட்டுக்கலாமே” என்றேன்.

“ஆபீசரே சொல்லிட்டாரு, நடுவுல நீ யாருய்யா?”

சற்று நேரத்தில் வாசல் காலி. அறுந்த செருப்புகளும் பைகளும், நடுவே ரத்தத் துளிகளும் கிடந்தன. திருமானூரிலிருந்து வந்த அஞ்சலை என்ற கூலிக்காரப் பெண் மட்டும் மணிக்கட்டு ஒடிந்து உட்கார்ந்திருந்தாள்.

“அரிசி கேட்டா கைய ஒடிக்கணும்னு எந்தச் சட்டத்துலங்க இருக்கு?” என்று என்னைத்தான் கேட்டாள். மாட்டு வண்டி பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

விசாரணைக்கு மேலதிகாரி வந்தார். “நான் அங்கே இல்லை. சார்ஜ் இவரிடம் இருந்தது” என்று ஏட்டைக் காட்டினார் ஆபீசர்.

“நீங்கதானே சார் சார்ஜ் பண்ணச் சொன்னீங்க!” என்றார் ஏட்டு, அழாத குறையாக.

மேலதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். கையில் கட்டோடு நின்ற அஞ்சலை சிரிக்கவில்லை.

“அவரு சொன்னாரு, இவரு அடிச்சாரு. இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் எப்படிங்க நாத்து நடுவேன்?”

“ஆஸ்பத்திரி சார்ஜ் வேணும்னா மனு போடும்மா” என்றார் மேலதிகாரி.

முடிவில் ஏட்டுக்குச் சார்ஜ் ஷீட் வந்தது. நிலைமையைச் சமாளித்த திறமைக்காக ஆபீசருக்குப் பெரம்பலூரும் சேர்த்து அடிஷனல் சார்ஜ் கிடைத்தது. அஞ்சலை மனு போட்டாள். கை கோணலாகக் கூடிவிட்டது, பதில் வரவில்லை.

சில வருஷம் கழித்து டிப்போ என் பொறுப்புக்கு வந்தது. வெளியே போகும்போதெல்லாம் போலீஸ்காரரிடம் தமிழில்தான் சொல்வேன்: “கூட்டத்தப் பாத்துக்குங்க. யாரையும் அடிச்சுடாதீங்க.”

இரண்டாவது வாக்கியம் எதற்கு என்று சிலர் கேட்டதுண்டு. ‘பாத்துக்குங்க’ என்பதற்கும் நம் ஊரில் இரண்டு அர்த்தம் உண்டே.